ரேம்ப்பா, லிஃப்ட்டா, இல்ல வகுப்பையே கீழ இறக்கிடலாமா?

பழைய ஸ்கூல் பில்டிங், வாசல்ல மூணு படி, உள்ள ரெண்டு மாடி. இத வீல்சேர்ல வர்றவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னு உக்காந்து பேசினா, பேச்சு எப்பவும் இந்த நாலுல ஒண்ணுல வந்து நிக்கும்: ரேம்ப் கட்டலாம், லிஃப்ட் வைக்கலாம், சின்னதா ஒரு ப்ளாட்ஃபார்ம் லிஃப்ட் (வீல்சேரோட ஒருத்தர கொஞ்ச ஒசரத்துக்கு ஏத்தி எறக்கற பலகை) போடலாம், இல்லாட்டி அந்தப் புள்ளையோட வகுப்பையே கீழ மாத்திடலாம். எல்லாரும் செலவுலதான் ஆரம்பிப்பாங்க. நான் என் தம்பியோட வீல்சேர வருஷக்கணக்கா தள்ளுனவ, எனக்குக் கேள்வி ஒண்ணுதான்: நான் பக்கத்துல இல்லாதப்ப அவன் யாரையும் கூப்பிடாம போய்ட்டு வர முடியுமா? ஐ.நா.வோட 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில 9ஆவது பிரிவு கேக்கறதும் இதத்தான், அவங்க சுயமா வாழணும், மத்தவங்களுக்குச் சமமா எல்லா எடத்துக்கும் போய் வரணும், அதுல பள்ளிக்கூடம்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு.

ரேம்ப்ப மொதல்ல எடுத்துக்கறேன். வாசல் படிக்கு ஒழுங்கா கட்டின ரேம்ப்ப அடிச்சுக்க ஆளே கிடையாது. கரண்ட் வேணாம், சாவி வேணாம், ரிப்பேர்னு போர்டு தொங்காது, தள்ளுவண்டியில கொழந்தையக் கூட்டிட்டு வர்றவங்களும் சாமான் ஏத்தறவங்களும் அதுலயேதான் போவாங்க. ஆனா சரிவு தப்புனா எல்லாம் போச்சு. அமெரிக்காவோட ஏடிஏ, அதாவது அங்க இருக்கற மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட விதிப்படி அதிகபட்சம் 1:12, அதாவது 1 அடி ஒசரத்துக்கு 12 அடி நீளம், ஒரே வீச்சுல 760 மி.மீ.க்கு மேல ஏறக்கூடாது, அதுக்கப்புறம் நின்னு மூச்சு வாங்க ஒன்றரை மீட்டர் சமதளம் வேணும். இங்கிலாந்து விதி இன்னும் கறார், 1:12 சரிவு வெறும் 2 மீட்டர் நீளத்துக்குத்தான், 10 மீட்டர் போகணும்னா 1:20. ஜெர்மனியில 6 சதவீதம், அதாவது சுமாரா 1:17, அதுக்கு மேல கெடையாது. எனக்கு இங்கிலாந்து கணக்குதான் நியாயமா படுது, ஏன்னா 1:12ங்கறது பேப்பர்ல சாதுவா தெரியும், கையால சக்கரத்த உருட்டி ஏறுறவங்களக் கேட்டுப் பாருங்க, பாதியிலயே தோள்பட்ட விட்டுப்போவும்.

கணக்கு போட்டுப் பாத்தா புரியும். மூணு படின்னா சுமாரா 450 மி.மீ., 1:12ல அதுக்கு 5.4 மீட்டர் நீளம் வேணும். தம்பி படிச்ச ஒரு ஸ்கூல்ல இருந்த எடம் ரெண்டு மீட்டர், அந்த ரெண்டு மீட்டர்லயே சிமெண்ட்ட கொழச்சு ஊத்தி ரேம்ப் ரெடின்னுட்டாங்க. ஏத்தும்போது முன்னாடி இருக்கற சின்ன சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தூக்கிக்கும், அவன் பயந்து முன்னாடி குனிஞ்சுக்குவான், நான் கைப்பிடிய நெஞ்சோட அணைச்சுத் தள்ளுவேன். எறங்கும்போது இன்னும் மோசம், முன்னாடி பாத்து எறக்குனா கால் வைக்கற பலகை கீழ தரையில போய் குத்தும், அதனால திருப்பிவச்சு பின்பக்கமாத்தான் எறக்கணும். அந்த மாதிரி ரேம்ப்ப விட படியே மேல், படின்னா ரெண்டு பேர் பிடிக்கணும்னாவது தெரியும்.

இதே ரேம்ப்ப மாடிக்குப் போட முடியுமான்னு கேக்கறாங்க. ஒரு மாடி 3.3 மீட்டர்னு வைங்க, 1:12ல 39.6 மீட்டர் சரிவு, நடுவுல நாலு சமதளம் சேத்தா 45 மீட்டர் தாண்டும், ரெண்டாவது மாடிக்கு 90. பெல் அடிச்சு அடுத்த பீரியட் ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு புள்ள அத உருட்டி ஏறணும். சட்டப்படி சரி, ஆனா அந்தப் புள்ள தெனமும் லேட்டாத்தான் போவும்.

அப்ப மாடிக்கு லிஃப்ட்தான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா லிஃப்ட்னா எந்த லிஃப்ட்? ஐரோப்பிய தரத்துல 1100க்கு 1400 மி.மீ. அளவுன்னா ஒரு வீல்சேரும் கூட ஒருத்தரும் நிக்கலாம், உள்ள திரும்ப முடியாது, அதனால எதிர்ச் சுவர்ல ஒரு கண்ணாடி வேணும், ரிவர்ஸ்ல வரும்போது பின்னாடி யார் நிக்கறாங்கன்னு அதுலதான் பாக்கணும். பட்டன் உக்காந்த கைக்கு எட்டணும், ஏடிஏல உச்சபட்சம் 1220 மி.மீ., எண்கள் தடவினா தெரியற மாதிரி, பக்கத்துல பிரெய்ல், எந்த மாடின்னு சொல்ற குரல். இதெல்லாம் இல்லாம வெறும் பெட்டிய வாங்கி மாட்டினா பார்வை இல்லாதவங்களுக்கு அது பிரயோஜனமே இல்ல. கஷ்டம் என்னன்னா கரண்ட் போனா நிக்கும், தீப்பிடிச்சா சாதாரண லிஃப்ட்ட தொடக்கூடாது. அதுக்கு மாடிப்படி பக்கத்துல புகை வராத காத்திருப்பு எடமும், படியில இறக்கற நாற்காலியும், அத ஓட்டிப் பழகின ஆளுங்களும் வேணும். லிஃப்ட் கொட்டேஷன் வாங்கறப்பவே இதையும் கேட்டுடுங்க, பின்னாடி பாத்துக்கலாம்னு விட்டா அப்படியே போயிடும்.

ப்ளாட்ஃபார்ம் லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிட்ட ஜாதி. பெரிய குழி வேணாம், மெஷின் ரூம் வேணாம், பழைய கட்டடத்துல நாலஞ்சு படி மட்டும் ஒசரமா இருக்கற மேடைக்கோ ஹாலுக்கோ நல்லாவே வேலை செய்யும். புதுக் கட்டடத்துல ஏடிஏ இத மேடை மாதிரி குறிப்பிட்ட சில எடத்துக்கு மட்டும்தான் விடுது, அது சரியான முடிவுதான். ஏன்னா பெரும்பாலும் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் நகரும், கையில தெம்பு இல்லாதவங்களால அது ஆகாது. அப்புறம் சாவி. கொழந்தைங்க விளையாடுவாங்கன்னு பூட்டி வச்சிடறாங்க, சாவி ஒருத்தர்கிட்ட, அவரு லீவு. தம்பி ஒரு தடவ கீழ நின்னுக்கிட்டே பரிசளிப்பு முழுசும் கேட்டான், பாக்கல. படிக்கட்டு ஓரமா ரெயில்ல சாஞ்சு போற வகைய நான் ஸ்கூலுக்கு வேணாம்னே சொல்வேன், அது எறங்கறவரைக்கும் படியில கூட்டம் நின்னு வேடிக்க பாக்கும், அந்த வயசுப் புள்ளைக்கு அது எப்படி இருக்கும்னு யோசிங்க.

வகுப்ப கீழ மாத்தறது நாளைக்கே செய்யலாம், காசு வேணாம், நானும் கேட்டு வாங்கியிருக்கேன். லிஃப்ட் வேலை முடியற வரைக்கும் சரி. ஆனா லேப் மேல, லைப்ரரி மேல, அதே ஃப்ரெண்டு அடுத்த செக்‌ஷன்ல மேல. ஒரு வருஷம்னு ஆரம்பிச்சது ஸ்கூல் முடியறவரைக்கும் போச்சு.

இன்னொண்ணு, ரேம்ப் வந்ததும் படிய இடிச்சுடாதீங்க. ஊன்றுகோல், செயற்கைக் கால் வச்சிருக்கற நெறய பேருக்குச் சரிவுல நடக்கறத விட கைப்பிடியோட இருக்கற படிதான் சுலபம், அதனாலதான் இங்கிலாந்துல ரேம்ப் 300 மி.மீ.க்கு மேல ஏறினா படியும் சேத்து வைக்கச் சொல்றாங்க.

என் தேர்வு: வாசலுக்கு 1:15ஐ விட செங்குத்தா போகாத ரேம்ப்பும் படியும், மாடிக்கு முழு லிஃப்ட், மேடைக்கு மட்டும் சாவி இல்லாத ப்ளாட்ஃபார்ம் லிஃப்ட். எல்லாத்துக்கும் காசு பத்தாதுன்னா, ரேம்ப்பையும் அதோட தரைத்தளத்துல ஒரு டாய்லெட்டையும் மொதல்ல முடிங்க. டாய்லெட் கதவு தொறந்தா 815 மி.மீ.யாவது வழி விடணும், வெளிப்பக்கமா தொறக்கணும், உள்ள சுத்த ஒன்றரை மீட்டர் வட்டம் வேணும். தம்பி ஸ்கூல் டாய்லெட் கதவு உள்பக்கமா தொறக்கும், வீல்சேர் உள்ள போனா சாத்தவே முடியாது, அதனால அவன் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டான்.