போரோஸ்: இரண்டே பேர் ஓட்டும் படகுக்கு ஏற்ற துறை

ஏதென்ஸில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்கும் தம்பதிகள் பலர் ஹைட்ரா தீவைத்தான் குறி வைப்பார்கள். படத்தில் பார்க்க அதுதான் அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஹைட்ரா துறை கையகலம். கோடையில் இரண்டு மூன்று வரிசையாகப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். காலையில் கிளம்பும்போது நங்கூரச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஆறு பேர் இருக்கும் படகு அதைச் சமாளித்துவிடும். ஒருவர் சுக்கானில், ஒருவர் நங்கூரத்தில், அவ்வளவுதான் ஆள் என்றால், வழியிலேயே சுமார் 12 கடல்மைல் முன்னால் இருக்கும் போரோஸ் தீவில் இரவு தங்குவதே புத்திசாலித்தனம்.

போரோஸ் என்றாலே கிரேக்கத்தில் கடவு, வழி என்று பொருள். தீவுக்கும் எதிரே உள்ள கலாட்டாஸ் ஊருக்கும் நடுவில் ஒரு குறுகிய நீர்வழி. இரண்டு பக்கமும் மலை என்பதால், வெளியே வாடை அடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே நீர் அடங்கிக் கிடக்கும். வடமேற்கு வாயில் ஆழமானது, சிக்கல் இல்லை. தென்கிழக்கிலிருந்து வருபவர்கள்தான் கவனிக்க வேண்டும். கலாட்டாஸ் கரையோரம் ஆழம் குறைவு, அடி சேறு. நடுவே போகலாம் என்று கணக்குப் போடாமல் போரோஸ் ஊர்ப் பக்கத்தை ஒட்டியே வர வேண்டும். சேற்றில் தட்டினால் படகுக்குப் பெரிய சேதம் வராது. கரையோர உணவகங்களில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பார்கள், அதுதான் கஷ்டம்.

இங்கே சொந்த நங்கூரத்தை முன்னால் போட்டு, பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்டுவதே வழக்கம். 12 மீட்டர் படகு என்றால், பக்கத்துக்கு மூன்று நான்கு பென்டர்களும் (மோதலைத் தாங்கும் காற்றடைத்த மெத்தைகள்) பின்பக்கம் ஒன்றும் தொங்கவிட்டு, இரண்டு பின்கயிறுகளையும் சுருள் பிரித்துத் தயாராக வைத்த பிறகே திரும்புங்கள். கரையிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி நங்கூரத்தை இறக்கி, நிற்காமல் பின்னால் வாருங்கள். நின்று நின்று வந்தால் பக்கக் காற்று முன்பக்கத்தைத் தள்ளிவிடும். பெரும்பாலான தவறு இங்கேதான்: சங்கிலியைப் படகு வரும் வேகத்துக்கு விடாமல் இறுக்கிப் பிடித்தால், நங்கூரம் சேற்றில் பதியாமல் இழுபட்டு வந்துவிடும். காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டுங்கள், மற்றது நிதானமாக. கத்திப் பிரயோசனமில்லை. இன்ஜின் சத்தத்தில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. விரித்த கை என்றால் சங்கிலியை விடு, மூடிய கை என்றால் நிறுத்து என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியாயிற்று என்று விட்டுவிடவும் முடியாது. பயணிகள் படகுகள் போகும்போது எழும் அலை கரையில் மோதித் திரும்பும். பின்பக்கத்துக்கும் கரைக்கும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, சங்கிலியை நன்றாக இறுக்குங்கள். இறங்கும் பலகையை இரவில் தூக்கிக் கட்டாவிட்டால் அது விடியும்வரை கல்லில் தட்டிக்கொண்டே இருக்கும். இந்தத் துறையின் குறை சத்தம்தான். கரையை ஒட்டியே சாலை, ஸ்கூட்டர்கள் நள்ளிரவு தாண்டியும் ஓடும். தூக்கம் முக்கியம் என்றால் மேற்கே நியோரியோன் விரிகுடாவிலோ ரஷ்ய விரிகுடாவிலோ நங்கூரமிடலாம். ஊருக்கு வர டிங்கி என்ற சிறு துணைப்படகுதான் கதி.

ஊரைப் பார்க்க அரை நாள் போதும். 1927-இல் கட்டிய மணிக்கூண்டு வரை படியேறினால் நீர்வழி முழுக்கக் காலடியில். கலாட்டாஸுக்குச் சிறு படகுகள் அடிக்கடி போய்வரும். அந்தக் கரையில் லெமோனோதாசோஸ் என்ற எலுமிச்சைத் தோப்பு, வெயில் தாழ்ந்தபின் நடக்க நல்ல இடம்.

கடல் கடவுளான போஸைடனின் கோயில் மட்டும் மேலே, ஊரிலிருந்து சில கிலோமீட்டர் ஏற்றம். டாக்சி பிடியுங்கள். ஸ்கூட்டர் எடுப்பதானால் இரு சக்கர உரிமமும், இந்திய உரிமக்காரர்கள் சர்வதேச அனுமதியும் கையில் வைத்திருக்க வேண்டும். தூண் வரிசைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கோயிலின் கற்களைப் பிற்காலத்தில் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது அடித்தளக் கோடுகளும் பைன் மர நிழலும்தான். ஆனால் மாசிடோனியர்களிடமிருந்து தப்பி ஓடிய ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ், கி.மு. 322-இல் தஞ்சம் புகுந்து நஞ்சுண்டு இறந்தது இங்கேதான். எழுதப்போவதுபோல் எழுதுகோலை வாயில் வைத்துக் கடித்தார், நஞ்சு அதற்குள்தான் இருந்தது என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்கிறார். அதைத் தெரிந்துகொண்டு போனால் வெறும் கல்லும் பார்க்கத் தகும்.

இரவு மீன் சாப்பிடுவதானால் கவனம்: விலை பெரும்பாலும் கிலோ கணக்கில்தான். சுடுவதற்கு முன்பே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

காலையில் உங்கள் நங்கூரம் பக்கத்துப் படகின் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள். நீர்மட்டம்வரை ஏற்றுங்கள். ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் கொடுத்து, இரு முனையையும் மேலே படகில் கட்டுங்கள். உங்கள் நங்கூரத்தை அரை மீட்டர் இறக்கினால் பளு கயிற்றுக்கு மாறி, நங்கூரம் கழன்றுவிடும். படகைச் சற்றுப் பின்னால் எடுத்து, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டால் சங்கிலி அடிக்குப் போய்விடும். விரல்கள் மட்டும் சங்கிலிக்கும் அது ஓடும் முன்பக்க உருளைக்கும் நடுவே போகக் கூடாது.