ஃப்ளை ஃபிஷிங்குக்குத் திரும்பி வந்து சில வருடங்கள்: என் அனுபவம்

மன அழுத்தத்துக்கு என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால், ஃப்ளை ஃபிஷிங் போகிறேன் என்பேன். செயற்கைப் பூச்சி கட்டிய தூண்டிலை ஆற்றில் வீசி மீன் பிடிப்பது அது. கேட்டவர் உடனே ஆற்றங்கரை, அமைதி, பறவைச் சத்தம் என்று மனதில் ஒரு படம் வரைந்துகொள்வார். அதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் அமைதியான இடத்தில் சும்மா உட்கார்ந்தால் என் கவலைகள் எனக்கு இன்னும் சத்தமாகக் கேட்கும். எனக்கு நிம்மதி தந்தது இந்த மீன்பிடிப்பு என்னிடம் வாங்கும் வேலை. கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்து, வேறு எதையும் நினைக்க இடம் விடாமல் செய்கிறது. சில வருடங்கள் தொடர்ந்து போய்வந்த பிறகு இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நான் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்கு மேற்கே. சொந்த ஊர் முசிறிப் பக்கம். மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, கொட்டாங்குச்சியில் மண்புழு என்று காவிரிக்கரையில் வளர்ந்தவன். இங்கே வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் ஃப்ளை ஃபிஷிங்கைக் கற்றுக்கொடுத்தார். இரண்டு மூன்று சீசன் நன்றாகப் போனது. அப்புறம் குழந்தைகள், வீட்டுக் கடன், வார இறுதி வகுப்புகள் என்று வரிசையாக வந்தன. ராடு, அதாவது தூண்டில் கழி, உறையோடு பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டது.

அதை மறுபடி எடுக்க வைத்தது ஒரு மோசமான வருடம். வேலை பார்த்த இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். போனவர்களின் வேலையும் மிஞ்சியவர்கள் தலையில் விழுந்தது. அதே சமயம் திருச்சியில் அம்மாவுக்கு மறதி நோய் என்று உறுதியானது. அக்கா போன் பண்ணும்போது அங்கே காலை, இங்கே நள்ளிரவு. "தம்பி, இன்னைக்கு என்னையே யாருன்னு கேட்டுச்சுடா அம்மா" என்று அவள் சொல்லி முடித்த பிறகு எப்படித் தூங்குவது? நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத கோபம், குழந்தைகளிடம் எரிந்துவிழுவது என்று எல்லாம் தொடங்கியது. ஒரு நாள் என் மனைவிதான், "ஏங்க, கீழ அந்தத் தூண்டில் சும்மாதான கிடக்கு, ஒரு நாள் எடுத்துட்டுப் போய்ட்டு வாங்களேன்" என்றாள்.

இது பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடைதான் நரம்பைத் தூரத்துக்கு இழுத்துப்போகும். இங்கே முள்ளில் இருப்பது முடியும் இறகும் சுற்றிச் செய்த செயற்கைப் பூச்சி. அதற்கு எடையே கிடையாது. அதனால் எடையை லைன் என்கிற தடித்த தூண்டில் நூலிலேயே வைத்திருக்கிறார்கள். நான் பயன்படுத்தும் 5-வெயிட் (எடையைக் குறிக்கும் எண்) லைனில் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம் இருக்கும். அந்த லைனைப் பின்னால் வீசி, காற்றில் அது முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் செலுத்த வேண்டும். அந்தப் பொறுத்தல்தான் கஷ்டம். மனம் அவசரத்தில் இருக்கிற நாளில் கை முந்திக்கொள்ளும், லைன் காலடியில் சுருண்டு விழும். வலுவைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை, நேரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

வீசுவது பாதி வேலை. நான் இதில் முழுசாக மூழ்குவது அதற்குப் பிறகு வரும் சில விநாடிகளில். நான் தேடிப்போகும் ட்ரவுட், நீரோட்டம் கொண்டுவருகிற பூச்சியைத் தின்னும் குளிர்நீர் மீன். ஓட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வருவதைத்தான் நம்பும். ஓட்டத்தைவிட வேகமாகவோ குறுக்காகவோ பூச்சி நகர்ந்தால் தொடாது. ஆனால் ஆறு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எனக்கும் மீனுக்கும் நடுவில் வேகமான ஓட்டம் இருக்கும். மீன் நிற்பது அந்தக் கரையோர மெது நீரில். லைன் விழுந்ததுமே நடு ஓட்டம் அதை வில்லாக வளைத்து இழுக்கும், அது பூச்சியையும் சேர்த்து இழுக்கும். இதற்குப் பெயர் ட்ராக். தடுக்க வேண்டுமானால், லைன் தண்ணீரில் விழுந்த கையோடு ராடு நுனியை ஓட்டம் வரும் பக்கம் மெல்லச் சுழற்றி, வளைவைத் தூக்கி எதிர்ப்புறம் வைக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது பூச்சி அசையக் கூடாது. கண் பூச்சியின் மேல், கை லைனில், கால் வழுக்குப் பாறையில் இடம் தேடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அலுவலக மின்னஞ்சலை நினைக்கவே முடியாது. நினைத்தால் பூச்சி இழுபடும். இழுபட்டால் மீன் இல்லை.

நான் போவது கிராண்ட் ஆறு. ஃபெர்கஸ், எலோரா என்ற இரண்டு சிற்றூர்களை ஒட்டிய பகுதி. எலோரா என்ற பெயர் நம் எல்லோரா குகையிலிருந்து வந்தது. குகையின் பெயரைக் கொண்ட ஒரு கப்பலின் பெயரை ஊரை நிறுவியவர் வைத்தார். ஃபெர்கஸுக்கு மேலே 1942-இல் கட்டி முடித்த ஷாண்ட் அணை இருக்கிறது. வெள்ளத்தைத் தடுக்கவும் கோடையில் ஆறு வற்றாமல் இருக்கவும் கட்டியது. நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கும் குளிர்ந்த நீரைத் திறந்துவிடுவதால், கீழே உள்ள ஆறு கோடையிலும் ட்ரவுட் தாங்கும் அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. 1989-இல் பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை விடத் தொடங்கினார்கள். பெருநகரத்திலிருந்து காரில் போய் அன்றே திரும்பும் தூரத்தில் இப்படி ஓர் ஆறு இருப்பது பெரிய வரம். (ட்ரவுட் நமக்கும் முழுக்கப் புதிதல்ல. நீலகிரியில் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்திலேயே குஞ்சு பொரிப்பகம் வைத்துவிட்டார்கள்.)

என் வீட்டுச் சூழலுக்குச் சரிப்பட்டது ஜூன் மாத மாலைகள். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் கேடிஸ் பூச்சிகள் நம்மூர் ஈசல்போலக் கிளம்பும். முதலில் ஒன்றிரண்டு கையில் வந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில் ஆற்றின் மேலே ஒரு மூட்டமே ஆடும். எதிர்க்கரையில் சாய்ந்த மரத்தடியில் ஒரு சின்ன வளையம் விரியும். சற்றுப் பொறுத்து அதே இடத்தில் இன்னொன்று. பெரிய மீன் பெரும்பாலும் சத்தம் போடாது. மூக்கு நுனி மட்டும் வந்து போகும். நான் கட்டுவது எல்க் ஹேர் கேடிஸ் என்ற செயற்கைப் பூச்சி, 16-ஆம் எண் முள். 1957-இல் ஆல் ட்ரோத் என்ற அமெரிக்கர் உருவாக்கியது, இன்றுவரை அதற்கு மவுசு குறையவில்லை. வெளிச்சம் குறையக் குறைய 0.15 மில்லிமீட்டர் நரம்பை முள்ளின் கண்ணில் கோர்ப்பது பெரிய காரியம். வானத்தைப் பின்னணியாக வைத்து, மூச்சை அடக்கி, எச்சில் தொட்டு முடிச்சை இறுக்குவேன். அந்த அரை நிமிடத்தில் என் உலகத்தில் அந்த ஓட்டை மட்டும்தான் இருக்கும்.

இனி சாமான்களைப் பற்றி. திரும்பி வருபவர்கள் முதலில் புது ராடு வாங்க நினைப்பார்கள். வேண்டாம். என் பழைய 9 அடி, நான்கு துண்டு கிராஃபைட் ராடு இத்தனை வருடம் கிடந்தும் ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போயிருந்தது லைனும், அதன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரும்தான். சுருளாகவே இருந்து லைனின் மேல்பூச்சு வெடித்திருந்தது. நைலான் லீடர் லேசாக இழுத்தாலே அறுந்தது. புது லைன் போட்டதும் அதே ராடு வேறு மாதிரி வீசியது. லைனை அவ்வப்போது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து வைத்தால் நன்றாக மிதக்கிறது, வெகுநாள் வருகிறது.

அடுத்த செலவு காலணி. ஆணி பதித்த ரப்பர் அடிப்பாகமும் ஒரு ஊன்றுகோலும் வைத்திருக்கிறேன். இந்த ஆற்றுப் பாறைகளில் பாசி அதிகம், கால் உறுதியாக நின்றால்தான் மனம் பூச்சியின் மேல் இருக்கும். வேடர்ஸ் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) விஷயத்தில் எனக்கு வருத்தம். நல்ல விலை கொடுத்து வாங்கியது இரண்டாவது சீசனிலேயே தொடைத் தையலில் கசிந்தது. கடைக்காரர் தேய்மானம் என்று கைவிரித்துவிட்டார். வேடர்ஸை உள்புறம் வெளியே திருப்பி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால் ஓட்டை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். அதன் மேல் பசை தடவி ஒட்டினேன், இன்னும் தாங்குகிறது.

எந்தச் சாமானையும்விட நான் அதிகம் நம்புவது ஒரு சின்னத் தெர்மாமீட்டரை. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ட்ரவுட்டுக்கு மூச்சுத் திணறும். அப்போது பிடித்துவிட்டாலும், விட்ட பிறகு செத்துப்போகலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் பல நாட்கள் ஆற்றங்கரைவரை போய், அளந்து பார்த்து, ராடை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பியிருக்கிறேன். இங்கே பல பகுதிகளில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும், இரை கூடாது, ஒற்றை முள், அதிலும் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கூர் நசுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த விதிகள் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. ரப்பர் வலையில் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, ஈரக் கையால் முள்ளைக் கழற்றும்போது அதன் பக்கவாட்டுச் சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். பிடியைத் தளர்த்தினால் தானாகவே போய்விடும். உயிரோடு திரும்பிப் போக வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வீட்டுக்கு மீன் கடையில் வாங்கிக்கொள்கிறோம்.

இது என் வாழ்க்கையில் எதைத் தீர்த்தது என்று கேட்டால், எந்தப் பிரச்சினையையும் தீர்க்கவில்லை. அம்மாவின் நிலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. வேலையில் நெருக்கடி அப்படியே இருக்கிறது. ஆற்றுக்குப் போன இரவு தூக்கம் வருகிறது, அது நிச்சயம். அக்காவின் போனை எடுக்கும்போது முன்போலப் பதறாமல், அவள் சொல்வதை முழுசாகக் கேட்க முடிகிறது. அவளுக்கு என்னிடம் வேண்டியிருந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். காற்று பலமாக அடித்த நாட்களில், அல்லது போனை அணைக்காமல் போன நாட்களில், போனதைவிட எரிச்சலோடு திரும்பியதும் உண்டு. படபடப்புக்கு நான் ஆலோசகரிடமும் போனேன். அவர் வேலையை ஆறு செய்யாது.

இந்த விளையாட்டுக்கும் ஆறுதலுக்கும் உள்ள தொடர்பை எனக்கு முன்பே பலர் கண்டிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்காக 1996-இல் அமெரிக்காவில் காஸ்டிங் ஃபார் ரிகவரி என்ற அமைப்பு தொடங்கியது. வீசும் அசைவு, அறுவைக்குப் பிறகு இறுகிய தோளையும் கையையும் மெதுவாக இளக்க உதவும் என்பதும் அதன் பின்னாலிருந்த யோசனை. காயம்பட்ட படைவீரர்களுக்காக 2005-இல் அங்கே வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் என்ற ஃப்ளை ஃபிஷிங் திட்டம் தொடங்கியது. அவர்கள் பட்டதோடு என் கஷ்டத்தை ஒப்பிடவே மாட்டேன். ஆனால் கையில் லைனை வைத்துக்கொண்டு அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

திரும்பி வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஒன்டாரியோவில் ட்ரவுட் சீசன் பொதுவாக ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை திறந்து செப்டம்பர் 30-இல் மூடும். திறக்கும் வாரக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். மே தொடக்கத்தில் ஹென்ட்ரிக்சன் பூச்சி வரும்வரை பொறுக்கலாம். உரிமத்தைப் புதுப்பித்துவிட்டு, நீங்கள் போகும் பகுதிக்கான விதிகளைப் படித்துவிடுங்கள். கிளம்பும் முன் அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று ஆற்று நிர்வாகத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஆறு ஏறியிருந்தால் இறங்காதீர்கள். அதுவரை வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலை நுனியில் கட்டி, புல்தரையில் வீசிப் பழகுங்கள். பின்வீச்சு முழுக்க நீள்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வீசுங்கள். தோள் சீக்கிரமே பழையபடி வந்துவிடும்.