பழைய சைக்கிளைப் புதுப்பிக்கக் கொடுக்கிறீர்களா? என் ராலிக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

சென்னையில் பழைய சைக்கிள்களைக் கையாலேயே புதுப்பித்துத் தருவதாகப் பெயர் வாங்கியிருக்கும் ஒரு சின்னப் பட்டறை. பெயரைப் போடப் போவதில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. ஆனால் அசல் சாமானை உருவிவிட்டு வேறு சாமானைப் போட்டுத் தரும் இந்த வேலையை வேறு யாரும் எங்கேயும் செய்யலாம் என்பதால் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கொடுத்தது என் தாய்மாமாவின் ராலி. நாட்டிங்காமில் செய்த அசல் இங்கிலீஷ் வண்டி. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், புரூக்ஸ் தோல் சீட், மூன்று கியர். பின் சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப், அதாவது மூன்று கியரையும் உள்ளேயே வைத்திருக்கும் சக்கரக் குடம். இந்த ஹப்பின் மேல் ஓட்டிலேயே தயாரித்த ஆண்டைப் பொறித்திருப்பார்கள், இதில் 51. மாமா பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். தன் சாமான் எதுவானாலும் சென்டர் பஞ்ச் வைத்து முக்கோணமாக மூன்று புள்ளி தட்டிவிடுவார். ஹப்பிலும் தட்டியிருந்தார். சீட்டின் வலப்பக்கம் கிழிந்த இடத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் போட்ட தையல் வேறு. வண்டியை ஒப்படைக்கும் முன் இதையெல்லாம் போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

பேசிய தொகை 32,000 ரூபாய். முன்பணம் 15,000. பட்டறைக்காரப் பையன் நன்றாகப் பேசினான், சார் சார் என்று பழைய சைக்கிள் கதையெல்லாம் சொன்னான்.

வண்டி திரும்பி வந்தபோது பெயின்ட் அருமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். கறுப்புப் பிரேமில் தங்கக் கோடு அப்படியே தூரிகையால் இழுத்தது. கோடு போட்ட பெரியவரின் கை நல்ல கை, அவருக்கும் இந்தத் திருட்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். பிரேமும் என்னுடையதுதான், சீட்டுக்குக் கீழே இருக்கும் நம்பர் சரியாக இருந்தது. மீதிதான் வேறு.

ஹேண்டில்பாரில் கியர் நெம்புகோல் இருக்கிறது, கேபிளும் பின்னால் வரைக்கும் போகிறது. ஆனால் கேபிளின் நுனியைப் பின் கம்பியோடு சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஏடபிள்யூ ஹப்பில் அச்சின் நுனியிலிருந்து ஒரு சின்னச் சங்கிலி வெளியே வரும், கேபிள் அதில்தான் மாட்ட வேண்டும். அந்தச் சங்கிலியே இல்லை. ஹப்பை உருவிவிட்டு, கியர் இல்லாத சாதாரண ஃப்ரீவீல் ஹப்பைக் கோத்திருந்தார்கள். ராலியின் செயின் வீலில் அடையாளமாக மூன்று நாரைத் தலை வெட்டியிருக்கும், அதுவும் இல்லை. சீட் புதுத் தோல், பளபளவென்று, எந்த முத்திரையும் இல்லாமல்.

கேட்டால், "ஹப் உள்ளே எல்லாம் தேய்ஞ்சு போச்சு சார், ஸ்பேர் கிடைக்காது, தூக்கிப் போட்டுட்டோம்" என்கிறான். ஏடபிள்யூ அவ்வளவு சுலபத்தில் சாகிற ஹப் இல்லை. பெரும்பாலும் உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, ஓட்டில் இருக்கும் துளை வழியே புது எண்ணெய் விட்டால் ஓடும். கொடுக்கும்போது மூன்று கியரும் விழுந்தது, அதற்கும் வீடியோ இருக்கிறது.

அப்புறம் பெடலை மிதித்தால் கட கட என்று சத்தம். எங்கள் தெருமுனையில் கோட்டம் எடுக்கிற அண்ணனிடம் காட்டினேன். இரண்டு கிராங்கையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்னைத் தட்டிக் கழற்றினார், அச்சைத் தாங்கும் இடப்பக்கக் கப்பில் விரல் வைத்தார். "தம்பி, இது மரையில நிக்கல. எம்சீல்ல நிக்குது" என்றார்.

விஷயம் இதுதான். ராலியின் பாட்டம் பிராக்கெட்டில், அதாவது பெடல் அச்சு உட்காரும் குழாயில், அங்குலத்துக்கு 26 மரை. மற்ற இங்கிலீஷ் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 24. ராலி கப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு 24 மரைக் கப்பைத் திணித்திருக்கிறார்கள். அது ஏறாததால் மரை வெட்டும் டேப்பை விட்டு உள் மரையை அரைத்து, ஆடாமல் இருக்க எம்சீல் அப்பியிருக்கிறார்கள். ஹப்பாவது தேடினால் கிடைக்கும். அரைத்த மரையைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலை.

சில வாரம் கழித்து நண்பர் ஒருவர் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பினார். "1951 ஒரிஜினல் ராலி, 85,000 ரூபாய்." பச்சை வண்டி, அதே பட்டறைச் சுவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சீட்டில் மாமாவின் தையல், ஹப்பில் மூன்று புள்ளி. "எல்லா புரூக்ஸும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்" என்பது அவர்களின் பதில். ஊரில் நாலு பேர் கொடுக்கிற வண்டியிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்தால் ஐந்தாவதாக ஒரு ஒரிஜினல் கிடைத்துவிடுகிறது. நல்ல கணக்கு!

கொடுப்பவர்கள் பிரேம் நம்பர், ஹப் ஆண்டு, சீட் முத்திரை மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான் துருப்பிடித்த நட்டு உட்பட திரும்ப வர வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற பட்டறையில் வண்டியை இறக்காதீர்கள். குரோம் போடுவதாகச் சொன்னால் கீழே நிக்கல் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும், எனக்குக் கிளம்பிவிட்டது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கொடுத்த வேலைக்குக் கட்டணமும் கிடையாது.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு சீட் மட்டும் கூரியரில் வந்தது, ஒரு வரி கடிதம்கூட இல்லாமல். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள், பச்சை வண்டி யாருக்கோ கைமாறியிருக்க வேண்டும். அப்படி ஒரு ராலியை நீங்கள் வாங்கியிருந்தாலோ, விலைக்கு வந்தாலோ, பின் ஹப்பைத் துடைத்துப் பாருங்கள். 51-உம் மூன்று புள்ளியும் இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். வாங்கியவர்மேல் எனக்குப் புகார் இல்லை, ஹப்புக்கு என்ன விலையோ பேசிக்கொள்ளலாம்.