ஃபேனுக்கு ஒரு ஈக்யூ, ஃபேன் இல்லாமல் ஒரு ஈக்யூ: எச்.டி. 650, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

சென்ஹைசர் எச்.டி. 650 வெளிவந்தது 2003-இல். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஹெட்போன் பைத்தியங்கள் எதை வாங்கினாலும் கடைசியில் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் வாங்கியது பழசு. காட்பாடியில் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், புதுசு விலையில் பாதிக்கும் கொஞ்சம் கீழே பேசி முடித்தேன். இந்த ரகத்தைக் காதில் மாட்டிப் பார்த்து வாங்க வேலூரில் எனக்குத் தெரிந்து கடை கிடையாது, சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும், அதனால் அவன் அறையிலேயே பத்து நிமிஷம் கேட்டேன், காசைக் கொடுத்தேன், சத்துவாச்சாரிக்கு வந்து சேர்ந்தேன்.

ஈக்யூ (ஒலியின் எந்தப் பகுதியை ஏற்றுவது, எதை இறக்குவது என்று அமைக்கும் ஈக்வலைசர்) இல்லாமல் அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, இதெல்லாம் இதில் கேட்டுவிட்டு வேறு ஹெட்போனுக்குப் போக மனசு வராது. பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடம் தெரியும், ஆனால் அதைத் துருத்திக் காட்டாது. குறை ஒன்று உண்டு, அது இந்த மாடலுக்கு மட்டும் உரியதும் இல்லை. பின்பக்கம் திறந்த, டைனமிக் டிரைவர் (காயிலும் சவ்வும் கொண்ட சின்ன ஸ்பீக்கர்) வைத்த ஹெட்போன்கள் பெரும்பாலும் அப்படித்தான்: பேஸ் பகுதியில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக ஒலி சரிந்துகொண்டே போகும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அது வாசிக்கப்படுவது தெரியும், வயிற்றில் இறங்காது. மிருதங்கத்தில் தொப்பியை, அதாவது இடப்பக்கத்தை, தட்டுவது கேட்கும், அந்தக் கும்கி நாதம் பாதியில் நின்றுவிடும்.

அதற்குத்தான் ஈக்யூ. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதன்மேல் பீஸ் என்கிற முகப்பைப் போட்டுக்கொண்டால் இழுத்து இழுத்து மாற்றலாம். ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட். எந்த ஹெட்போனுக்கு என்ன எண்கள் என்பதை ஆட்டோஈக்யூ என்ற திறந்த மூலத் திட்டம் அளவீடுகளை வைத்துக் கணக்குப் போட்டுத் தருகிறது. நானும் அதைத்தான் எடுத்து ஒட்டினேன். கேட்டால் படு மோசம். குரல் ஏதோ குழாய்க்குள் இருந்து வருகிற மாதிரி.

இரண்டு வாரம் எண்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு எண்ணில் இல்லை, பஞ்சில் இருந்தது. அந்தப் பையன் வருஷக்கணக்காகப் போட்டு அழுத்தியதில் காது மெத்தை அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. மெத்தை தட்டையானால் டிரைவர் காதுக்கு நெருங்கி வரும், ஒலியின் சமநிலையே மாறிப்போகும். அளவீட்டுக்கு வைத்தது நல்ல மெத்தை, என்னிடம் இருந்தது அப்பளம், எண் எப்படிப் பொருந்தும்? புது மெத்தை வாங்கி மாட்டியதும் அதே எண்கள் உட்கார்ந்துகொண்டன. பழசு வாங்குகிறவர்கள் முதல் செலவாக இதைக் கணக்கில் வையுங்கள், ஈக்யூ எல்லாம் அப்புறம்.

இப்போது நான் வைத்திருப்பது நாலே வரி. 105 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ளதை எல்லாம் சேர்த்து ஏற்றுவது), 5.5 டெசிபல் ஏற்றம், க்யூ (ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பது) 0.7. 160 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் இறக்கம், ஏனென்றால் கீழே ஏற்றும்போது அந்த இடம் சேர்ந்து வீங்கி ஆண் குரலுக்கு ஜலதோஷம் பிடித்துவிடுகிறது. 3,000 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே ஒன்றரை டெசிபல் இறக்கம், பழைய நாகஸ்வரப் பதிவுகளுக்காக. நாலாவது வரி ப்ரீஅம்ப், அதாவது மொத்த ஒலி அளவு, மைனஸ் 6. இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஒரு இடத்தில் ஏற்றினால் மொத்தத்தையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தவில் ஓங்கி விழுகிற இடத்தில் சிக்னல் உச்சவரம்பில் முட்டி கிளிப் ஆகும். அப்புறம் ஹெட்போன் கிழிகிறது என்று புலம்புவோம்.

ப்ரீஅம்ப்பால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, ஈக்யூவை அணைத்தால் ஒலி திடீரென்று பெரிதாகும், பெரிதாகக் கேட்பது நல்லதாகத் தோன்றுவது மனித சுபாவம், உடனே "ஈக்யூ போட்டால் உயிர் போய்விடுகிறது" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அணைத்துக் கேட்கும்போதும் அதே 6 டெசிபலை இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டு, போனில் மாட்டுகிற சின்ன டாங்கிள் (ஹெட்போனைச் செருகும் அடாப்டர்) போதாமல் போகலாம். இது 300 ஓம் ஹெட்போன், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் என்பது கம்பெனிக் கணக்கு. 1 வோல்ட் மட்டும் தருகிற டாங்கிளில் ப்ரீஅம்ப் 6 டெசிபலைத் தின்றால் உச்சத்துக்கு மிஞ்சுவது 97. இன்றைய பாட்டுக்குத் தாராளம், மெதுவாகப் பதிவான பழைய கச்சேரிக்கு இழுபறி. 2 வோல்ட் டாங்கிளில் போன 6 டெசிபல் அப்படியே திரும்பி வந்துவிடும், பெரிய ஆம்ப் எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை.

சரி, தலைப்பில் இருக்கிற ஃபேன் விஷயம். போன மே மாதம், அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும், மெத்தையோ வெல்வெட், காதைச் சுற்றிக் கம்பளி கட்டின மாதிரி இருக்கும். ஃபேனை அஞ்சில் வைத்துத்தான் கேட்பேன். அந்த நாட்களில் பேஸ் போதவில்லை என்று ஷெல்ஃபை மெல்ல மெல்ல ஏற்றி 8-க்குக் கொண்டுபோயிருந்தேன், அதுவே சரியாகவும் பட்டது. ஒரு ராத்திரி பாட்டின் நடுவில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, பாட்டு நிற்கவில்லை, ஃபேன் மட்டும் நின்றது. அடுத்த நிமிஷம் காதுக்குள் ஒரே கும்கும்மென்று இடி, பாடுகிறவர் எங்கேயோ பின்னால் போய்விட்டார். ஈக்யூவில் நான் கை வைக்கவே இல்லை!

யோசித்தால் ஆச்சரியம் இல்லை. திறந்த ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. ஃபேனின் உறுமல் பெரும்பாலும் கீழ் அலைவரிசை, அது பாட்டின் பேஸை மூடிவிடுகிறது, மூடியதை மீட்க நான் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அன்றிலிருந்து இரண்டு ஃபைல். ஃபேன் ஓடும்போது 7, மார்கழியில் ஃபேன் இல்லாமல் 5.5. எட்டுக்கு மேல் ஏற்றினால் டிரைவர் அதிகமாக அசைந்து திணறுவதும் காதுக்குத் தெரிகிறது, எண்ணைக் கூட்டிவிட்டால் ஹெட்போனின் உடல்வாகு மாறிவிடுமா என்ன. அதே மாதிரி, மேடை அகலமும் ஈக்யூவால் வராது. எச்.டி. 650-இல் பாடகர் நெற்றிக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்திருப்பார், எதைத் திருகினாலும் அவர் நகரமாட்டார். ஆயிரங்கால் மண்டபம் மாதிரி விரிந்து கேட்க வேண்டும் என்றால் வேறு ஹெட்போன் பாருங்கள்.

ஆட்டோஈக்யூ குறிவைக்கும் வளைவு (எந்த அலைவரிசை எவ்வளவு கேட்க வேண்டும் என்ற கோடு) ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழு நிறையப் பேரைக் கேட்க வைத்து உருவாக்கியது. அந்த ஆய்விலேயே வயதானவர்கள் பேஸைக் குறைவாக விரும்பினார்கள் என்று வருகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான். என் 5.5-ஐக் கேட்டுவிட்டு அப்பா, "என்னடா, தவில்காரரு என் தலைக்குள்ளயே குந்திக்கினு அடிக்கிறாரு" என்று கழற்றி வைத்தார். குறைத்துக்கொண்டே வந்து 2-இல் நிறுத்தச் சொன்னார். அதற்கு "அப்பா" என்று மூன்றாவது ஃபைல். இப்போது சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ஹெட்போன் அவரிடம்தான் இருக்கிறது, கேட்டால் "இரு, இந்த ராகம் முடியட்டும்" என்கிறார்.