பண்டிகைக் கதையை எங்கே அனுப்புவது: மலரா, போட்டியா, வானொலியா, கிண்டிலா?

கோத்தகிரியின் ஆடிச் சாரலுக்குள் உட்கார்ந்துகொண்டு ஐப்பசியின் பட்டாசுச் சத்தத்தை எழுதுவது விசித்திரமான வேலைதான். ஆனால் தீபாவளி மலரில் சன்மானத்தோடு ஒரு சிறுகதை வெளிவர வேண்டும் என்று விரும்புகிறவர் அதைச் செய்தே ஆகவேண்டும். மலர்கள் பண்டிகைக்கு முன்பே கடைக்கு வந்துவிடுகின்றன. அதற்கும் முன்பு ஓவியருக்கும் பக்க அமைப்புக்கும் அச்சுக்கும் நாள் வேண்டும். ஆகவே புரட்டாசியில் எழுதத் தொடங்கும் தீபாவளிக் கதை பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான கதையாகிவிடுகிறது. கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறவர்களுக்கு நாள் தவறிய சரக்கின் விலை தெரியும். பண்டிகைக் கதையும் அந்த வகைச் சரக்குதான்.

இறக்குவதற்கு நான்கு இடங்கள் இருக்கின்றன: அச்சில் வரும் பண்டிகை மலர், சிறுகதைப் போட்டி, வானொலி, நாமே வெளியிடும் மின்னூல். எது அதிகப் பணம் தருகிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானோ, எந்த இடம் கதையை எத்தனை மாதம் பிடித்து வைக்கிறது, உரிமை யாரிடம் தங்குகிறது, ஓரிடத்தில் வெளியான பிறகு மற்ற மூன்றில் எவை அடைபட்டுப் போகின்றன என்ற மூன்றையும் பார்த்த பிறகே தொகையைப் பார்ப்பேன்.

மலரின் பெருமை அதன் இடத்தாராளம். வார இதழ்களில் சிறுகதை சுருங்கிச் சுருங்கி ஒரு பக்கக் கதையாகிவிட்ட காலத்திலும், 1932இல் தொடங்கிய கலைமகள், 1948இல் தொடங்கிய அமுதசுரபி போன்ற இதழ்களின் மலர் மரபில் கதைக்கு மூச்சுவிட இடம் இருந்துவந்திருக்கிறது. நல்ல ஓவியமும் கிடைக்கும். பல வீடுகளில் அடுத்த கோடை வரையிலும் அந்தப் புத்தகம் மேசை மேல் கிடக்கும். ஆனால் பிரசுரத்துக்குத் தேர்வாகாவிட்டால் பதில் வராது என்பதே பொது நடைமுறையாகிவிட்டது. போதிய தபால்தலை ஒட்டிய உறை வைத்தால் கதை திரும்பி வந்த காலத்தில் குறைந்தபட்சம் தோல்வியாவது கைக்கு வந்தது. மின்னஞ்சலில் மௌனம் மட்டுமே வருகிறது. ஆகவே பண்டிகை வந்துபோகும்வரை கதை சிறையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். (அனுப்பும்போது யூனிகோடு எழுத்துருவில் அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பிய கதை எதிர்முனையில் பூச்சி ஊர்ந்த தாளாகத்தான் திறக்கும்.)

சன்மானத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் முதல் மலர்க்கதைக்கான காசோலை, பெயர் சொல்ல விரும்பாத ஓர் இதழிலிருந்து, தீபாவளிக்கு அனுப்பிய கதைக்கு மாசியில் வந்து சேர்ந்தது. 2012 ஏப்ரல் முதல் காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதமே செல்லும் என்பதால், உறையைப் பிரித்த அன்றே வங்கிக்கு ஓடினேன். இன்னும் நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. கோவைக்குப் பேருந்தில் போய்வந்து ஒரு வேளை நன்றாகச் சாப்பிடும் அளவுக்குத் தொகை. இருந்தாலும் அந்த மலரைத்தான் ஊரில் எல்லோரும் பார்த்தார்கள்.

உரிமை விஷயத்தில் மலர் பொதுவாகக் கனிவானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. கொடுத்த தாளில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே, இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே. “இது என் சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளியாகவில்லை” என்ற வழக்கமான உறுதிமொழி உரிமையை எழுதிக் கொடுப்பது ஆகாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தங்கள் கதையைத் தாங்களே தொகுப்பில் சேர்ப்பதற்குத் தயங்குகிறார்கள்.

போட்டியில் நிலைமை தலைகீழ். கல்கி இதழ் நடத்திவந்த கல்கி நினைவுச் சிறுகதைப் போட்டி, தினமலர் வாரமலரின் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டி போன்றவற்றில் பரிசுபெற்ற கதை, எழுதியவரை ஒரே இரவில் அறிமுகமாக்கிவிடும்; தொகையும் மலரின் சன்மானத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் போட்டியின் கெடு பண்டிகையைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. பங்குனியில் நடுவரின் கைக்குப் போகும் தீபாவளிக் கதை, பண்டிகையின் துணையில்லாமல் கதையாக மட்டும் நிற்க வேண்டும். என் கதைகளில் பாதி அப்படி நிற்காது. தவிர, சில போட்டிகளின் விதிமுறைத் தாளில், பரிசு பெறாத கதைகளையும் தங்கள் விருப்பம்போல் பிரசுரிக்கலாம் என்ற வரி கடைசியில் ஒளிந்திருக்கும். பரிசுத் தொகையை நான்கு முறை படிக்கிறவர்கள் அந்த வரியை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் மறந்துபோகும் மூன்றாவது இடம், உதகையிலேயே இருக்கும் அகில இந்திய வானொலி நிலையம். அங்கே கதை என்பது வாசிக்கும் நேரம். பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் என்பது என் வாய்க்குப் பொருந்திய கணக்கு. ஒப்பந்தத் தாள் முன்னதாகவே வரும், தொகை அதிலேயே இருக்கும், பிறகு வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும். எழுதியவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் கையெழுத்திட்டது ஒலிபரப்புக்கு மட்டும் என்பதால் அச்சுரிமை என்னிடமே இருந்தது. இன்னொரு வசதியும் உண்டு. சென்னையிலுள்ள ஆசிரியர் நீலகிரிக் கதை என்றால் பனியையும் குறிஞ்சிப் பூவையும் எதிர்பார்க்கிறார். தீபாவளிக்கு முன் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் போனஸ் பேச்சு எப்படி இருக்கும் என்பதை அவருக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டும். உதகை நேயருக்கு அந்த விளக்கம் தேவையில்லை.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்களை நேரடியாக வெளியிடும் வசதி 2016 டிசம்பரில் வந்தது. கெடு இல்லை, ஆசிரியர் இல்லை, மௌனமும் இல்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம்: 50 ரூபாய் விலை வைத்த ஒற்றைக் கதைக்கு எழுதியவரின் பங்கு 35 விழுக்காடு என்றால், வரிகளைக் கணக்கில் எடுக்காமலே ஒரு பிரதிக்கு 17 ரூபாய் 50 காசு; நூறு பேர் வாங்கினால்தான் 1,750 ரூபாய். இந்தியாவில் 70 விழுக்காடு வேண்டுமானால் கிண்டிலில் மட்டுமே வெளியிடுவதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்து, 90 நாட்களுக்கு மின்வடிவில் வேறெங்கும் அந்தக் கதை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்தே பணம் வரும். பிரதிலிபி போன்ற கதைச் செயலிகள் பெரும்பாலும் தொடர்கதைக்கானவை. ஒற்றைப் பண்டிகைக் கதையால் அங்கே வருமானம் எதிர்பார்ப்பது வீண்.

இவை நான்கும் ஒரே நேரத்தில் திறந்திருப்பவை அல்ல என்பதுதான் ஒப்பிடும்போது தவறவிடும் இடம். மின்னூலாகப் போட்டுவிட்ட கதையை மலருக்கோ போட்டிக்கோ அனுப்ப முடியாது. “வேறெங்கும் வெளியாகவில்லை” என்ற உறுதிமொழி பொய்யாகிவிடும். ஒலிபரப்பானதையும் வெளியானதாகவே கொள்ளும் விதிமுறைகள் உண்டு. மலரில் வந்த கதையோ பிறகு மின்னூல் தொகுப்பில் தாராளமாகச் சேரலாம். எனவே பண்டிகையை நம்பி நிற்கும் கதை முதலில் மலருக்கு, பண்டிகை இல்லாமலும் நிற்கும் கதை போட்டிக்கு, இந்த மலையின் காதுக்கென்றே எழுதியது வானொலிக்கு, எல்லாம் முடிந்தபின் ஏழெட்டைச் சேர்த்து ஒரே மின்னூல் என்பதே என் வரிசை. மலரில் தவறிய தீபாவளிக் கதையில் பட்டாசை எடுத்துவிட்டுக் கரும்பை வைத்துப் பொங்கலுக்கு அனுப்பும் தந்திரத்தை நானும் ஒரு முறை செய்தேன்; கதை பல்லிளித்துவிட்டது.

இந்த ஆண்டு என்னிடம் இரண்டு கதைகள் இருக்கின்றன. போனஸ் நாளைப் பற்றியது போன வாரமே மலருக்குப் போய்விட்டது. இன்னொன்று, மார்கழியை ஒட்டிக் கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணியில் நடக்கும், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையைப் பற்றியது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடப்படும் நாள் என்றாலும், அந்தப் பண்டிகைக்கென்று எந்த இதழும் மலர் போடுவதில்லை. அது 1,400 சொற்கள். வானொலிக்கு 400 சொற்களை வெட்ட வேண்டும். வெட்டாத பிரதியைப் பொங்கல் மலருக்கு அனுப்பும் எண்ணம் இருப்பதால், ஒலிபரப்பைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று உதகை நிலையத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன்.