ஒரு வெள்ளி மருத்துவம்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

மலேசியாவில் கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு டாக்டரும் மருந்தும் சேர்த்து ஒரு வெள்ளி (ரிங்கிட்). 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் கிடையாது. காசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் பெரிய நகரமான ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலி போகிறது. இதைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

முதலில் மருந்து. ஸ்பெஷலிஸ்ட் ஆறு மாதத்துக்கு எழுதினாலும் பெரும்பாலும் மாதம் ஒரு முறைதான் கையில் கொடுப்பார்கள். மிச்ச மாதங்களுக்கு ஈப்போ ஓட வேண்டியதில்லை. முதல் தடவை மருந்து வாங்கும்போதே கவுண்டரில் 'எஸ்பியுபி வேண்டும்' (மீதி மருந்தை வேறு அரசுக் கிளினிக்கில் வாங்கும் ஏற்பாடு) என்று சொல்லி, பக்கத்துக் கிளினிக்கின் பெயரைக் கொடுங்கள். மீதி மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

இது எங்கே சறுக்கும்? சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எழுத்து உண்டு. 'பி' என்றால் சாதாரண மெடிக்கல் ஆபிசர் எழுதலாம். 'ஏ' என்றால் ஸ்பெஷலிஸ்ட்தான் தொடங்க வேண்டும். சின்னக் கிளினிக் அலமாரியில் 'ஏ' மருந்து சும்மா கிடக்காது, உங்களுக்காகவே தருவிக்க வேண்டும். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே போன் போட்டு, வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் போய் நின்றால் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். அங்கே இருக்கும் டாக்டரிடம் புதுச் சீட்டு எழுதச் சொன்னாலும் பெரும்பாலும் அவரால் எழுத முடியாது. அந்த 'ஏ' எழுத்து இடம் கொடுக்காது. பாவம், அவரைத் திட்டிப் பயனில்லை. மருந்துச் சீட்டைத் தொலைத்தவர் மறுபடி டாக்டர் வரிசையில் நிற்க வேண்டி வரும் என்பதால், வாங்கின அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

தபாலிலும் மருந்து வரும், ஆனால் இன்சுலின் மாதிரி குளிரில் இருக்க வேண்டியது வராது. இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி கொண்டு போங்கள். ஐஸ் கட்டி நேரே படாமல் நடுவில் ஒரு துண்டு வையுங்கள். உறைந்த இன்சுலின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குப்பைக்குத்தான். இன்சுலினை மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் வைத்துக்கொண்டு, போகிற வழியில் பாசாரில் மீன் வாங்கப் போகிறவர்களும் உண்டு. அப்புறம் சர்க்கரை இறங்கவில்லை என்று மருந்தைக் குறை சொல்வார்கள்.

அடுத்தது எம்சி, அதாவது டாக்டர் தரும் நோய் விடுப்புச் சான்றிதழ். தோட்டத்துக்காரர்களுக்கு அதிகம் அடிபடுவது இங்கேதான். அப்பாய்மெண்ட் முடிந்ததும் கையில் தருவது பல நேரம் 'ஸ்லிப் மாசா', வந்த நேரமும் போன நேரமும் எழுதிய துண்டு. அதை வைத்துச் சம்பளம் கேட்க முடியாது. கிராணி (தோட்ட அலுவலகக் கணக்குப்பிள்ளை) சம்பளத்தை வெட்டினால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வேலை செய்ய முடியாத உடம்பு என்றால் டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் எம்சி கேளுங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி வருடத்துக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு 14 நாள். இரண்டு வருடம் வேலை செய்தவருக்கு 18, ஐந்து வருடம் தாண்டினால் 22. வார்டில் படுத்தால் 60 நாள் தனி. 2023 ஜனவரி முதல் இந்த 60 மற்ற நாட்களோடு சேராது. ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், எம்சி கையில் இருந்தும் சொல்லாமல் நின்ற கணக்குத்தான். எம்சியைப் படம் பிடித்துக் கிராணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அனுப்பின நேரமும் அதிலேயே பதிவாகிவிடும்.

மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி. மொத்த பில்லுக்கும் 500 வெள்ளி உச்ச வரம்பு உண்டு. பலர் மலைப்பது, உடம்புக்குள் வைக்கும் சாமானை வெளியே வாங்கிவரச் சொல்லும்போதுதான். உடனே நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். மருத்துவ சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று வார்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஐசி (அடையாள அட்டை) நகல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை தயாராக இருக்கட்டும். எஸ்டிஆர் (அரசின் ரொக்க உதவி) பெறுபவர், அவருடைய துணை இருவரில் 40 வயதானவருக்கு, குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இத்தகைய சாமானுக்கு 20,000 வெள்ளி வரை உண்டு. விண்ணப்பம் ஆஸ்பத்திரி வழியாகப் போகும். முன்பே கைக்காசில் வாங்கிவிட்டு, ரசீது காட்டித் திரும்ப வாங்கலாம் என்று நம்ப வேண்டாம்.

ஆப்பரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்வதில் தப்பே இல்லை. நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்துகளை டாக்டர் சொல்லியே ஆக வேண்டும் என்று ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

புகார் என்றால் முதலில் ஆஸ்பத்திரியின் பொதுத் தொடர்புப் பிரிவு, அதற்கு மேல் அமைச்சின் சிஸ்பா என்ற புகார் இணையத்தளம். 'மரியாதை இல்லை' என்று மட்டும் எழுதினால் மன்னிப்புக் கடிதம் ஒன்று வரும், அவ்வளவுதான். தேதி, நேரம், கவுண்டர் எண், சட்டையில் இருந்த பெயர், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதினால்தான் விசாரிப்பார்கள்.

விஷயம் வழக்கு வரை போகும் என்று தோன்றினால் கெடு சின்னது. அரசு ஆஸ்பத்திரி மீது 36 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மருத்துவ ரிப்போர்ட் வருவதற்கே மாதங்கள் ஓடிவிடும். அதனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்பே ரெக்கார்டு யூனிட்டில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, தேதி முத்திரை குத்திய நகல் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.