அளவெடுத்து வெட்டிய ஸ்டாக்: 14 மாதம், 6,000 தோட்டாவுக்குப் பிறகு

ஸ்டாக்கை, அதாவது தோளிலும் கன்னத்திலும் பதியும் துப்பாக்கியின் மரப் பின்பகுதியை, என் உடம்புக்கு ஏற்றபடி வெட்டி வளைத்து வாங்கி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கோர் 100க்கு 43. அதற்கு முந்தைய மாதம், எனக்குப் பொருந்தவே பொருந்தாத அதே துப்பாக்கியில் 61 அடித்திருந்தேன். காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று காரில் உட்கார்ந்து நொந்துகொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது 14 மாதம் ஆகிவிட்டது, சுமார் 6,000 தோட்டா போயிருக்கும், ஸ்டாக் மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். குறிப்பாகக் குள்ளமான பெண்களுக்கு.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். கழுத்து கொஞ்சம் நீளம். இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன், வேலைசெய்யும் இடத்தில் ஒருத்தர் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டதுதான் இந்த க்ளே ஷூட்டிங், இயந்திரம் வீசும் தட்டுகளைப் பறக்கும்போதே சுட்டு உடைப்பது. 100 தட்டில் எத்தனை உடைந்தது என்பதுதான் ஸ்கோர். (க்ளே பிஜன் என்று பெயர்தான், களிமண்ணும் கிடையாது, புறாவும் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து அழுத்திய 110 மில்லிமீட்டர் தட்டு.) லைசென்ஸ் வந்ததும் செகண்ட் ஹாண்டில் வாங்கியது ஓர் இத்தாலிய ஓவர்-அண்டர் (இரண்டு குழல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வகை), 12 போர் (குழலின் விட்ட அளவு), 30 அங்குலக் குழல். ஸ்டாக்கின் நீளம், அதாவது விசையிலிருந்து தோளில் அழுந்தும் ரப்பர் பேட் வரைக்கும், 14.5 அங்குலம். 5 அடி 10 அங்குல ஆணுக்குச் சரியாக இருக்கும் அளவு. எனக்கு அது அக்காவின் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன மாதிரி.

பொருந்தாத துப்பாக்கியால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஷாட்கன்னில், அதாவது சின்னச் சின்னக் குண்டுகளைச் சிதறவிடும் இந்த வகைத் துப்பாக்கியில், பின்பக்கம் குறிமுள் கிடையாது, நம் கண்தான் அது. கன்னம் ஸ்டாக்கில் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் கண் நிற்கும், கண் நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் குண்டு போகும். கண்ணிலிருந்து குழல் நுனிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். கண் 5 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி நின்றால் 16 கெஜத்தில் 3 அங்குலம் இடப்பக்கம் போகும், 40 கெஜத்தில் 7 அங்குலம். வெறும் 5 மில்லிமீட்டருக்கு இவ்வளவு.

என் விஷயத்தில் நீளமான ஸ்டாக்கை எட்டுவதற்காகக் கழுத்தை ஆமை மாதிரி முன்னால் நீட்டுவேன். பேட் தோளுக்குழியில் உட்காராமல் கைப்பக்கம் நழுவும், அதன் கீழ்முனை மட்டும் நெஞ்சில் குத்தும். கன்னத்தை ஓங்கி அழுத்தினால்தான் பார்வை வரிசைக்கு வரும். கன்னம் சாயும் மேல்விளிம்பை கோம்ப் என்பார்கள், என்னுடையது முன்னால் உயர்ந்து பின்னால் இறங்கும் வகை, சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு வருகிறதல்லவா, அந்த உயர்ந்த பகுதி வந்து கன்ன எலும்பில் இடிக்கும். 100 தோட்டா முடிந்தால் கன்னம் நீலம்.

ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடியிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தார். "கன்னத்துல என்னடி நீலமா இருக்கு?" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? போனைக் கொடு, நான் பேசணும்" என்றார். துப்பாக்கி இடித்தது என்று நான் சொன்னதை அவர் நம்புவதற்கு 10 நிமிடம் ஆனது. நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் என்ற தட்டு சுடும் போட்டியில் சுட்டாரே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான் என்று விளக்கினேன். "அவருக்குக் கன்னம் வீங்குதா?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். அன்றைக்குத்தான் அளவெடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளவெடுக்க ஒரு ஷூட்டிங் ஸ்கூலுக்குப் போனேன். ட்ரை-கன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஸ்டாக் முழுக்கக் கீல்களும் திருகுகளும், நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், பக்கவாட்டில் வளைக்கலாம், கோம்ப்பை ஏற்றலாம் இறக்கலாம். நம்மூர்த் தையல்காரர் கேட்கும் அளவு ரவிக்கை மாதிரிதான். முதலில் எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறிபார்க்கும்போது மூளை நம்பும் கண், என்று பார்த்தார் பயிற்சியாளர் (எனக்கு வலது, நல்லவேளை). அப்புறம் சுண்ணாம்பு அடித்த இரும்புத் தகட்டின் முன்னால் 16 கெஜத்தில் நிறுத்தி, குறிபார்க்காமல் தூக்கியவுடன் சுடச் சொன்னார். என் சொந்தத் துப்பாக்கியில் 5 தடவை சுட்டதும் நடுப்புள்ளியிலிருந்து 3 அங்குலம் இடப்பக்கமாக, கொஞ்சம் கீழாக, ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு நின்றது. இரண்டு வருடமாக நான் தவறவிட்டதற்கெல்லாம் அந்தத் தகட்டில் கணக்கு இருந்தது.

புது ஸ்டாக் செய்ய வால்நட் கட்டை, செதுக்குகூலி என்று ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும், அது என்னால் முடியாது. இருப்பதையே கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து மாற்றினேன். நீளம் 13 5/8 அங்குலமாக வெட்டு. வலப்பக்கமாக வளைவு, இதைக் காஸ்ட் என்பார்கள், வெப்ப விளக்கில் மரத்தைச் சூடாக்கி மெல்ல வளைப்பது. கோம்ப்பைத் தனியே அறுத்தெடுத்து, ஆலன் சாவியால் ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் நகர்த்தவும் கூடிய கோம்ப் ஆக்கியது. பேட்டைக் கொஞ்சம் கீழே தள்ளி, கீழ்முனை நெஞ்சில் குத்தாத சாய்வில் பொருத்தியது. எல்லாம் சேர்த்து 540 பவுண்டு.

சரி, இவ்வளவு செய்தும் ஏன் 43?

முதல் காரணம் மூக்கு. முதல் நாள் மூன்றாவது தோட்டாவிலேயே கட்டைவிரல் முட்டி மூக்கில் இடித்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டாக் குட்டையாகிவிட்டது, ஆனால் கழுத்து இன்னும் பழைய நீளத்துக்கே நீண்டது. இரண்டாவது காரணம் புரியத்தான் நாளானது: இரண்டு வருடமாக இடப்பக்கம் கீழே போகும் துப்பாக்கியோடு வாழ்ந்ததில், எனக்கே தெரியாமல் ஒவ்வொரு தட்டுக்கும் வலப்பக்கம் மேலே பிடிக்கப் பழகியிருந்தேன். இப்போது துப்பாக்கி பார்த்த இடத்துக்குப் போகிறது, நான் பழையபடி வலப்பக்கம் மேலே பார்க்கிறேன். இடமிருந்து வலம் போகும் தட்டுகளில் முன்னால் போய்விட்டது, வலமிருந்து இடம் வருபவற்றில் பின்னால், மேலெழும் தட்டுகளில் தலைக்கு மேலே.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது நாம் என்ன செய்வோம்? நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்துக்கொள்வோம், தைத்து வந்ததும் கையைத் தூக்க முடியாது. அளவெடுத்த அன்றும் அதையேதான் செய்திருக்கிறேன். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று "கழுத்து", "தோள்", "முன்கால்ல எடை" என்று சொல்லச் சொல்ல அழகாக நின்றேன், அந்த நிலைக்குத்தான் ஸ்டாக் வெட்டப்பட்டது. மழைத்தூறலில், 70 தட்டுக்குப் பிறகு, கை சோர்ந்துபோய் நிற்கும் நான் அந்த ஆள் இல்லை. ஸ்டாக்கை மறுபடி மாற்றுவதா, நான் மாறுவதா என்று கேட்டபோது அவர் சொன்னது: "3 மாசம் ஒரு திருகையும் தொடாதீங்க."

தொட்டேன். 3 வாரத்தில் கோம்ப்பை 2 மில்லிமீட்டர் இறக்கினேன், அடுத்த வாரம் ஏற்றினேன், கூடவே 28 கிராம் குண்டு உள்ள தோட்டாவிலிருந்து உதை குறைந்த 24 கிராமுக்கும் மாறினேன். எதனால் எது நடக்கிறது என்றே தெரியாமல் போனது. ஆறாவது வாரம் எல்லாவற்றையும் அளவெடுத்த தாளில் இருந்தபடியே வைத்து, ஆலன் சாவியைக் கணவரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன்.

நிஜமாக உதவியது வீட்டுப் பயிற்சிதான். துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஸ்நாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு, குழல் நுனியில் ஒரு சின்ன டார்ச்சைச் செருகி, சுவரும் கூரையும் சேரும் கோட்டில் வெளிச்சத்தை ஓடவிட்டுக்கொண்டே துப்பாக்கியைக் கன்னத்துக்கு ஏற்ற வேண்டும். தலை அசையக் கூடாது. வெளிச்சம் கோட்டைவிட்டுத் துள்ளினால் பழைய ஆமைக் கழுத்து வந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் 30 தடவை, மெதுவாக. திரைச்சீலையை மூடிவிட்டுச் செய்யுங்கள், எதிர்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால் விளக்கம் சொல்லி மாளாது.

நான்காவது மாதம் ஒரு நாள், துப்பாக்கியைத் தூக்கியதும் ரிப்பின் (குழலின் மேல் ஓடும் பட்டை) மேல் குறிபார்க்க உள்ள நடுமணியும் முன்மணியும் ஒன்றன்மேல் ஒன்றாக 8 போட்டது போல் நின்றதைப் பார்த்தேன். நான் தேடவில்லை, அதுவாக நின்றது. அன்றைக்கு 64. ட்ராப்பில் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் தட்டைக் கூப்பிடுவார்கள், கன்னத்தைச் சரிசெய்ய அவகாசம் உண்டு. நான் சுடும் ஸ்போர்டிங் வகைப் போட்டியில் துப்பாக்கியை இறக்கி வைத்துக்கொண்டு தொடங்குகிறவள், தூக்கும் அந்த நொடியில் கன்னம் தானாகச் சரியான இடத்துக்கு வந்தாக வேண்டும். வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது.

ஐந்தாவது மாதம் திடீரென்று இரண்டு வாரம் ஸ்கோர் சரிந்தது. என்னையே திட்டிக்கொண்டு ஒரு வகுப்புக்கும் காசு கட்டினேன். பயிற்சியாளர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் கோம்ப்பை விரலால் தட்டினார், ஆடியது. உதைவாங்கி உதைவாங்கித் திருகு தளர்ந்து 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது! அதற்குப் பிறகு கோம்ப் தாங்கும் கம்பிகளில் வெள்ளிப் பேனாவால் கோடு போட்டுவைத்தேன், ஒவ்வொரு தடவையும் பையிலிருந்து எடுக்கும்போது கோட்டைப் பார்ப்பேன். ஏற்றி இறக்கும் கோம்ப் வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஒன்பதாவது மாதம் மறுபடி தகட்டில் சுட்டுப் பார்த்தால் 2 அங்குலம் இடப்பக்கம். வளைத்த மரம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் திரும்பி வந்திருந்தது. சூடாக்கி வளைத்த மரத்துக்கு அந்தக் குணம் உண்டு என்று கன்ஸ்மித் முன்பே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. மறுபடி வளைக்காமல், கோம்ப்பையே 3 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்திச் சரிசெய்தோம். இன்றைக்குச் செய்வதாக இருந்தால் வளைக்கவே சொல்லமாட்டேன், பக்கவாட்டில் நகரும் கோம்ப்பே என் போன்றவர்களுக்குப் போதும். வளைப்பதற்குக் கொடுத்த காசு வீண்தான்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் மரத்தை வெட்டியதும் துப்பாக்கி மூக்குக் கனத்துப்போனது, சமநிலைப் புள்ளி அரை அங்குலம் முன்னே போய்விட்டது. ஸ்டாக் போல்ட் துளைக்குள் கொஞ்சம் ஈயத்தைப் பஞ்சில் சுற்றி அடைத்ததும் சமமானது. மொத்த எடை கூடியதில் உதையும் குறைந்தது. வெட்டிய முகப்பில் எண்ணெய் பூசி மூடாவிட்டால் இந்த ஊர் மழையில் மரம் தண்ணீர் குடிக்கும், ரப்பர் பேட்டைக் கழற்றி அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விற்கும்போது விலை குறையும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், குறையத்தான் செய்யும். வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடந்த 3 மாத சராசரி 71. இதில் ஸ்டாக்குக்கு எவ்வளவு, வகுப்புகளுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கன்னம் கடைசியாக நீலமாகி 11 மாதம் ஆகிறது, அது முழுக்க ஸ்டாக்கின் கணக்கு. அம்மா இன்னமும் வீடியோ காலில் "அந்தப் பக்கம் திரும்பு" என்று சொல்லி இரண்டு கன்னத்தையும் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்.

இப்போது குளிர் வந்துவிட்டது. தடித்த கோட்டு போட்டதும் ஸ்டாக் மறுபடி ஒரு சென்டிமீட்டர் நீண்ட மாதிரி, போன வாரம் பேட் அக்குளில் இரண்டு தடவை மாட்டியது. இதற்காகவே 22 மில்லிமீட்டர் பேட்டோடு 15 மில்லிமீட்டரில் இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தேன், இந்தச் சனிக்கிழமை அதை மாற்ற வேண்டும். கோம்ப்பைத் தொடமாட்டேன். ஆலன் சாவியைக் கணவர் எங்கே ஒளித்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது.